பொண்ணு குடுக்காத மச்சான்மார்

வாடா பேராண்டி. மூஞ்சிய ஏன் மூணு நாள் மோர் மாதிரி வச்சிருக்கே? மொதல்ல உக்காரு. பசியாறிட்டியா? இல்லேன்னா ரொட்டி சானாய் சொல்லுவோம். குளுவாங்ல இந்த ஒட்டுக்கடையில இன்னும் கையால வீசித்தான் போடறாங்க. கோவத்தோட திங்காதே, செரிக்காது. கோவத்த என்கிட்ட குடு, ரொட்டிய நீ வச்சுக்க.

என்னது? சிங்கப்பூர்ல உன் சூப்பர்வைசர் உன்ன "மச்சா"ன்னு கூப்பிட்டானா? அதுக்காடா இந்தத் தாண்டவம்? காலையில நாலு மணிக்கு எழுந்து, மோட்டார எடுத்துக்கிட்டு, ஜோகூர்ப் பாலத்துல பொகையக் குடிச்சுக்கிட்டு நிக்கிறே. 1924ல தொறந்து விட்ட பாலம். நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சொச்சம்தான். நத்தைக்குக்கூட அலுத்துப்போற வேகத்துல நீ அதக் கடக்கறே. அதுக்கெல்லாம் வராத கோவம் ஒரு மச்சானுக்கு வந்துடுச்சா?

"இனத்தச் சொல்லி எளக்காரம் பண்றான் தாத்தா, ஆபீஸ்ல புகார் எழுதப் போறேன்"ங்கறே. எழுதேன், யாரு வேணாம்னா? ஆனா அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்னு அங்க கேப்பாங்களே, என்னன்னு எழுதுவே? போன்ல பாத்துட்டியா? குடு, கண்ணாடியப் போட்டுக்கறேன். ஹா! இங்கிலீஷ் அகராதியில "மச்சான்"னா புலி வேட்டைக்காரன் மரத்து மேல கட்டிக்கிற பரணாம். அது இந்தியிலேருந்து போன சொல்லு. தொரைமாருங்க அதுமேல பத்திரமா உக்காந்துக்கிட்டுத்தான் வீரமாப் புலி சுட்டாங்க. "என் சூப்பர்வைசர் என்னப் பரணேன்னு கூப்பிடறார்"னு எழுதிக் குடுத்துப் பாரு. விசாரிக்கிறவன் உனக்கு ரெண்டு நாள் லீவு குடுத்துத் தூங்கச் சொல்லுவான்.

அத மூடு. நான் சொல்றேன்.

அக்கா புருஷன் மச்சான். பொண்டாட்டிக்கு அண்ணன் மச்சான். மாமன் மகன், அத்த மகன், உன்னவிட மூத்தவனா இருந்தா அவனும் மச்சான். சில ஊர்ல கட்டிக்கிட்டவளே புருஷன மச்சான்னுதான் கூப்பிடுவா. ஆக, உன் சூப்பர்வைசர் இதுல எந்த மொறையில கூப்பிட்டான்னு நிதானமா விசாரிச்சியா? கடைசி மொறைன்னா மட்டும் வீட்டுல முன்னாடியே சொல்லிடு. உங்கம்மா பாவம், உனக்குப் பொண்ணு பாத்துக்கிட்டிருக்கா.

வெள்ளைக்காரனுக்கு இந்த வம்பே கெடையாது. சித்தப்பன் மகனும் கசின், மாமன் மகளும் கசின். கட்டிக்கலாமா, கையெடுத்துக் கும்பிடணுமான்னு அந்தச் சொல்லுலேருந்து ஒண்ணும் தெரியாது. மச்சானுக்கு அவன் வச்ச பேரு, சட்டப்படி சகோதரன். ஏதோ கோர்ட்டுல முத்திர குத்தி வாங்கின ஒறவு மாதிரி. நமக்கு அப்படியா? தொட்டில்ல கெடக்கும்போதே எதிர்வீட்டுல ஒரு மச்சான் கெடக்கான்.

கெழவன் பீத்திக்கிறான்னு பாக்காதே. அமெரிக்காவுல மார்கன்னு ஒரு வக்கீல். ஒலகத்து ஒறவுமொறை எல்லாத்தையும் அட்டவணை போட்டு 1871ல தலகாணி சைசுக்கு ஒரு பொஸ்தகம் கொண்டுவந்தார். அவர் ஊர்ப்பக்கத்துச் செவ்விந்தியர்ல செனெக்கான்னு ஒரு கூட்டம். அவங்க மொறையும் நம்ம தமிழ் மொறையும் அவ்வளவு ஒத்துப்போறதப் பாத்து அசந்துட்டார் மனுஷன். அப்புறம் லூயி துய்மோன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் மதுரைப் பக்கம் பிரமலைக் கள்ளர் ஊருங்கள்ல தங்கிப் பாத்துட்டு, 1953ல ஒரு கட்டுரை எழுதினார். மாமன், மச்சான்ங்கறது ரத்தக் கணக்கு இல்ல, பொண்ணு குடுத்து எடுக்கற கணக்கு, அது அப்பன்கிட்டேருந்து மகனுக்கு எறங்கி வருதுன்னார். இத எங்க ஆயா வெத்தல இடிச்சுக்கிட்டே சொல்லியிருப்பா. ஆனா ஆயா சொன்னா வெத்தலச் சாறு, அவர் சொன்னா ஆராய்ச்சி.

அதுலயும் ஒரு கூத்தப் பாரு. வடக்க இந்தி பேசறவங்க ஒருத்தன வையணும்னா "சாலா"ம்பாங்க. சாலான்னா பொண்டாட்டிகூடப் பொறந்தவன். "உன் அக்கா தங்கச்சி என் வீட்டுல"ன்னு குத்திக் காட்டற வசவு. அதே ஒறவு நம்ம பக்கம் வந்தா கொஞ்சலு. அங்க மச்சான்னா அடி விழும், இங்க மச்சான்னா தோளுல கை விழும். மெட்ராஸ் காலேஜ் பசங்க அத "மச்சி"ன்னு சுருக்கிட்டாங்க. பெங்களூர்ல கன்னடத்துப் பையனும் மச்சாங்கறான். கொழும்புல சிங்களப் பசங்க "மச்சங்"கறாங்க. 2004ல ஹேண்ட்பால் ஆடத் தெரியாத 23 பேரு இலங்கை தேசிய ஹேண்ட்பால் டீம்னு சொல்லிக்கிட்டு ஜெர்மனிக்குப் போயி, ஆட்டத்துல மானத்த விட்டுட்டு ஆளும் மறைஞ்சுட்டாங்களே, அந்தக் கதைய 2008ல படமா எடுத்தப்ப அதுக்கு "மச்சான்"னுதான் பேரு வச்சாங்க. அப்படி ஒரு கூட்டுக் களவாணித்தனத்துக்கு வேற எந்தப் பேரு பொருந்தும்?

நம்ம ஆளுங்க பேசும்போது "மச்சான்"ல இருக்கற "ன்" முழுசா வராது. வாய்க்குள்ள போயி மூக்கு வழியா லேசா வரும். நீயே சொல்லிப் பாரு. சொன்னியா? மூக்கத் தொட்டுப் பாரு, அதிருதா? அந்த மூக்கொலிய சிங்களவங்க உன்னிப்பாக் கேட்டு "மச்சங்"னு புடிச்சுக்கிட்டாங்க. இங்க மலாய்க்காரரும் சீனரும் மூக்க விட்டுட்டு "மச்சா"ன்னு மட்டும் புடிச்சாங்க. ஒரே மச்சான், கொழும்புல மூக்கோட இருக்கான், ஜோகூர்ல மூக்கில்லாம இருக்கான்.

இது எப்படி வீட்டவிட்டு வெளிய வந்துச்சுங்கறே? தோட்டத்துக் கங்காணி ஊருக்குப் போயி ஆள் புடிச்சப்ப, தெரியாதவனையா புடிச்சான்? தன் பங்காளி, மாமன், மச்சான், அவனோட மச்சான்னு கொடி புடுங்கற மாதிரிப் புடுங்கிட்டு வந்தான். அதனால லயத்துக்கு லயம் மாமன் மச்சான் கூட்டம்தான். 1938ல இந்தியா சர்க்கார் இனிமே மலாயாத் தோட்டத்துக்கு ஆள் அனுப்ப மாட்டோம்னு தடை போட்டுச்சு. அதே 1938லதான் நம்ம குளுவாங் ரயில் ஸ்டேசன்ல கோப்பிக் கடை வந்துச்சாம். ஆளு வர்றது நின்னுச்சு, கோப்பி வர ஆரம்பிச்சுது. மிஞ்சினவங்க மொறை இருந்தாலும் இல்லாட்டியும் ஒருத்தர ஒருத்தர் மச்சான்னுதான் கூப்பிட்டுக்கிட்டாங்க. கித்தாக் காட்டுல, ரப்பர் மரத்துக்கு நடுவுல, விடியக்காலம் இருட்டுல நெரைக்கு நெர கொரல் குடுக்கணும், புலியோ பன்னியோ வந்தா தெரியணும். "மச்சான்!"னு கத்தினா "ஓய்!"னு பதில் வரும். பேரச் சொல்லிக் கத்தினா பேய் கூப்பிடுதுன்னு எவனும் பதில் சொல்ல மாட்டான்.

அப்புறம் டவுனுல இந்த மாமாக் கடை. தமிழ் முஸ்லிம் கடைக்காரர நம்ம ஆளுங்க "மாமா"ன்னு கூப்பிட்டாங்க. கேட்டுக்கிட்டிருந்த மலாய்க்காரங்க வாலுல ஒரு "க்" வச்சு மாமாக் ஆக்கிட்டாங்க. உள்ள தே ஆத்தற பையனுங்க ஒருத்தன ஒருத்தன் மச்சான்னு கூப்பிட, சாப்பிட வந்தவனெல்லாம் அதையும் புடிச்சுக்கிட்டான். யோசிச்சுப் பாரு, மாமா கடையில வேல செய்யறவன் மச்சான். மொறை எங்கயாவது தப்புதா? தெரியாமச் செஞ்சாலும் ஒறவ ஒழுங்காத்தான் செஞ்சிருக்கானுங்க.

போன மாசம் உன் தங்கச்சி என்ன ஜோகூர் பாருவுல ஒரு குளுகுளு கடைக்குக் கூட்டிட்டுப் போனா. பலகையில "மாட்சா, 16 வெள்ளி"ன்னு போட்டிருந்துச்சு. அடப்பாவிங்களா, மச்சானையே விக்க ஆரம்பிச்சுட்டாங்களான்னு நெனைச்சேன். கொண்டாந்து வச்சது பச்சப் பொடி கலந்த பாலு. ஜப்பான்காரன் தேயிலையாம். என் மச்சான் எவனும் அந்த வெலைக்குப் போகமாட்டான்.

அங்க பாரு, ரோட்டோரம் ஒருத்தன் லோரிக்குப் பின்னால நின்னு "கோஸ்தான்! கோஸ்தான்!"னு கைய ஆட்டறான். நீயும் காடி ஓட்டறே, தெனம் சொல்றே. எங்கேருந்து வந்துச்சு தெரியுமா? கப்பல பின்பக்கமா நகத்தணும்னா வெள்ளைக்கார மாலுமி "கோ ஆஸ்டெர்ன்"னு சத்தம் போடுவான். தொறைமொகத்துல நின்ன நம்மூரு ஆளுங்க அத அப்படியே கரைக்குத் தூக்கிட்டு வந்து லோரிக்கும் காடிக்கும் மாட்டிட்டாங்க. மாட்டு வண்டிக்கும் சொன்னவங்க உண்டு, மாடுதான் கேக்கல. இன்னைக்கு லண்டன்ல போயி கோஸ்தான்னு சொல்லு, ஒரு பய திரும்ப மாட்டான். அவன் சொல்லு, ஆனா இப்ப நம்ம சொத்து. கொடுக்கல் வாங்கல்னா அப்படித்தான். மலாய்க்காரங்க கடைய "கெடாய்"ன்னு வச்சிருக்காங்க, கப்பல "காப்பால்"னு வச்சிருக்காங்க, மொதல "மோடால்"னு வச்சிருக்காங்க. நம்ம "சும்மா" அங்க போயி "பெர்ச்சுமா"ன்னு நிக்குது. பாசார் மாலாம்ல பெர்ச்சுமான்னு எழுதியிருந்தா ஓடறியே, நீ ஓடறது நம்ம சும்மாவுக்காகத்தான். அவ்வளவு ஏன், நம்ம "ஐயோ" 2016ல ஆக்ஸ்போர்டு அகராதிக்குள்ளயே போயி உக்காந்துக்கிச்சு. இனிமே நாம இங்கிலீஷ்லயே அழுதுக்கலாம்.

சிரிச்சியா? சரி. இப்ப சிரிக்காம ஒண்ணு கேளு. உன் கோவத்துல பாதி நியாயம் இருக்கு. எந்தப் பாதின்னு காட்டறேன்.

கூலின்னா என்ன? செஞ்ச வேலைக்குக் கையில வாங்கற காசு. நல்ல சொல்லு. வெள்ளைக்காரன் என்ன பண்ணான்? காசக் கொறச்சுட்டு, அந்தச் சொல்ல எடுத்து ஆளுக்கே பேரா வச்சுட்டான். 1886ல ஹாப்சன்-ஜாப்சன்னு ஒரு அகராதி வந்துச்சு. மொகரம் பண்டிகையில "யா ஹசன், யா ஹுசைன்"னு மாரடிக்கறது வெள்ளைக்காரச் சிப்பாய் காதுல விழுந்த லட்சணம்தான் அந்தப் பேரே. அத எழுதின ரெண்டு பேர்ல ஒருத்தர் பர்னல், தஞ்சாவூர்ல ஜட்ஜா இருந்தவர். கூலிங்கற பேரு குஜராத்துப் பக்கத்துக் கோலி ஜனத்துலேருந்து வந்துச்சா, தமிழ்க் கூலியிலேருந்து வந்துச்சான்னு அதுல அலசியிருக்காங்க. எதுலேருந்து வந்தா என்ன, எங்கப்பன் முதுகுமேல வந்து உக்காந்துக்கிச்சு. "தம்பி"ய எடுத்துக்க. வீட்டுல எளையவன். ஆபீஸ்ல போயி "தம்பி"ன்னா தேத்தண்ணி வாங்கிட்டு வர்ற பியூன். தலை நரைச்ச ஆளையும் இருவது வயசுத் தொரை தம்பின்னு கூப்பிட்டான். பறையர்ங்கற பேரு இங்கிலீஷ்ல போயி ஒதுக்கப்பட்டவன்னு ஆச்சு, இங்க வசவாத் திரும்பி வந்துச்சு. அப்துல்லா ஹுசேன் எழுதி 1971ல வெளிவந்த "இன்டர்லோக்" நாவல 2011ல அஞ்சாம் படிவத்துக்குப் பாடமா வச்சப்ப, அதுல இருந்த அந்தச் சொல்லுக்காகத்தான் நம்ம ஜனங்க ஊரு ஊராக் கொதிச்சாங்க. அந்த வருசக் கடைசியில அத மாத்தறதா அறிவிச்சாங்க.

அதனால வெளிய போன நம்ம சொல்லு நல்ல துணி உடுத்திக்கிட்டுத்தான் திரும்பி வரும்னு எழுதி வைக்கல. மச்சானும் அதே வழியில போகலாம். போகுதான்னு எப்படிக் கண்டுபுடிக்கிறது? காதால முடியாது, கண்ணால பாக்கணும்.

அறுபத்தாறாம் வருசம் எங்கப்பா செத்துப்போனார். அப்ப நாங்க லாயாங் லாயாங் பக்கம் ஒரு தோட்டத்துல இருந்தோம். கித்தா ஷீட்டு ஏத்திட்டுப் போக ஒரு சீனர் லோரி கொண்டுவருவார். அப்பாதான் கட்டு தூக்கி ஏத்திவிடுவார். அவர் அப்பாவ "மாச்சா"ம்பார், அப்பா அவர "தவுக்கே"ம்பார், அதாவது மொதலாளி. அந்த லோரிகூட அவருக்குச் சொந்தமில்ல. ரெண்டு பேருமே ஒருத்தருக்கொருத்தர் பொய்யத்தான் சொல்லிக்கிட்டிருந்தாங்க. தீபாவளிக்கு ஒரு பெட்டி சோடா எறக்கிவைப்பார், சீனப் பெருநாளுக்கு அம்மா சுட்ட முறுக்கு போகும். மத்தபடி ஒண்ணும் பெரிய சிநேகம்னு சொல்ல முடியாது. கணக்குல ரெண்டு ஷீட்டு கொறஞ்சா கத்திக்குவாங்க.

கருமாதி அன்னைக்கு எங்கம்மாவுக்குக் கோடி போடணும். கூடப் பொறந்தவன் கொண்டாறது அது. அம்மாகூடப் பொறந்த மூணு பேரும் நாகப்பட்டணம் பக்கம். தந்தி போச்சு, தந்திதான் போகும், ஆளு எங்க வர்றது? தண்டல் வீட்டு அம்மா ஒரு சேலைய எடுத்துக் குடுத்து ஒப்பேத்திடலாம்னு பேசிக்கிட்டிருந்தாங்க. லயத்து வாசல்ல லோரி வந்து நின்னுச்சு. அன்னைக்கு ஷீட்டு ஏத்தற நாளு இல்ல. சீனர் எறங்கி வந்தார், கையில காயிதப் பொட்டணம். உள்ள ஒரு நூல் சேலை, மடிப்புல வெலைச் சீட்டு குத்தினபடியே இருந்துச்சு, பதினோரு வெள்ளி. செத்த வீட்டுல மாச்சா என்ன செய்யணும்னு கோயில் பூசாரிகிட்ட முந்தின வாரமே கேட்டிருக்கார். பூசாரி சும்மா வெளையாட்டுக்குச் சொல்லி வச்சிருக்கான், "பொறந்தவன் மாதிரி கோடி கொண்டாரணும்"னு. இவர் குளுவாங் ஜவுளிக் கடையில போயி "கோடி, கோடி"ன்னு கேட்டு வாங்கிட்டு வந்துட்டார். எப்படிப் போடணும்னு தெரியல. ரெண்டு கையாலயும் நீட்டிக்கிட்டு நின்னார். எங்கம்மா வாங்கித் தோளுல போட்டுக்கிட்டா. அதுவரைக்கும் அழாதவ அப்பத்தான் அழுதா.

அந்த வெலைச் சீட்ட அவ கடைசிவரைக்கும் பிக்கல. நான் அவர மாமான்னு கூப்பிட ஆரம்பிச்சேன். "என்கிட்ட ரொட்டிக் கடை இல்லடா"ன்னு சிரிப்பார்.

கண்ணத் தொடைச்சுக்கறியா? ரொட்டிக்குச் சம்பல் காரம் ஜாஸ்தி, தெரியும் தெரியும்.

இப்ப உன் சூப்பர்வைசர் கதைக்கு வருவோம். மூட்டை தூக்கச் சொல்லும்போது மச்சா, ஓவர்டைம் காசு கேக்கும்போது "ஹேய் யூ"வா? அப்படின்னா புகார் எழுது, நானே எழுத்துப் பிழை பாத்துத் தர்றேன். அவன் சாப்பாட்டுல பாதிய உன் பக்கம் தள்ளும்போதும் மச்சான்னுதான் சொல்றானா? அப்ப பேனாவ மூடு. ரெண்டுக்கும் நடுவுலன்னா ஒரு வழி இருக்கு. உனக்குக் கல்யாணம் கூடி வரட்டும், மொத பத்திரிகைய அவனுக்கு வை. "மச்சான், எங்க வழக்கப்படி மணவறைக்குப் போற மாப்ளைக்குப் பொண்ணோட பொறந்தவன் கால் கழுவி விடணும். மோதிரம் உண்டு. நீதான் வாய்க்கு வாய் மச்சாங்கறே, விடியக்காலம் அஞ்சு மணிக்குள்ள வந்துடு"ன்னு சொல்லு. செம்பும் தண்ணியும் நான் வச்சிருக்கேன். வந்து கழுவினான்னா வாழ்நாள் மச்சான். வரலேன்னா அந்தச் சொல்ல அவன் வாயிலேருந்து திருப்பி வாங்கிக்க, அது உன் பாட்டன் சொத்து.

இன்னொண்ணு. நீ உள்ள வரும்போது ரெண்டு வெரலச் சொடுக்கி, "மச்சா! தே தாரே, கூராங் மானிஸ்!"னு கத்தினியே, யாரப் பாத்துக் கத்தினே? அந்தப் பையன் தமிழனும் இல்ல, மாமாக்கும் இல்ல. பங்களாதேஷ்ல கொமில்லாப் பக்கம். வந்து ஏழு மாசம் ஆச்சு. போற வர்றவனெல்லாம் மச்சா மச்சாங்கறான். அவங்க பாஷையில மாச்சான்னா சுரைக்கொடி படர விடற பந்தலாம். "ஏன் தாத்தா என்னப் பந்தல்னு கூப்பிடறாங்க"ன்னு என்கிட்ட வந்து கேட்டான். நான் அக்கா புருஷன், பொண்டாட்டி அண்ணன்னு எல்லாம் வெளக்கினேன். நல்லா யோசிச்சுட்டு, "அப்ப யாருமே ஏன் என் பேரக் கேக்கல"ன்னான். நீ கேட்டியா? வாரத்துக்கு ரெண்டு தடவ இங்க தே குடிக்கிறே. சொல்லு, அவன் பேரு என்ன?

முழிக்காதே. அவன் வர்றான் பாரு, கணக்குச் சீட்டோட.

கேட்டியா? "மச்சா, ஒம்போது வெள்ளி இருவது காசு"ன்னு உன்னப் பாத்துச் சொல்றான்! போச்சு, உனக்குப் புதுசா ஒரு மச்சான். நான் சொல்லிக் குடுக்கல, சத்தியமா. இப்ப எந்த ஆபீஸ்ல யார் மேல புகார் எழுதுவே?

பத்து வெள்ளியாக் குடு, மிச்சத்த அவனே வச்சுக்கட்டும். பேர மட்டும் கேட்டுக்கிட்டு வா. காடிய மெதுவா கோஸ்தான் எடு, பின்னால லோங்காங் இருக்கு, சாக்கடையில எறக்கிடாதே.